வேரைப் பிடுங்குமுன் ஒரு கேள்வி



எங்கள் கிளையில் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், போட்டால் வருத்தப்படுவார். பால்மரம் வெட்டிய காலத்தில் தொடங்கி, தோட்டம் முழுவதும் செம்பனையாக மாறிய பிறகும் கிளையின் குரலாக இருந்தவர் அவர். கணக்கில் ஒரு நாள் குறைந்தாலும் ஆபீஸ் வாசலில் போய் நின்று நியாயம் கேட்பார். போன கிளைக் கூட்டத்தில் அவரைப் பேச அழைத்தோம். எழுந்தவர், கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, "தம்பி, நீயே சொல்லிடு" என்று உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக விசாரித்தேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினார். பல் செட்டு!

"பேசினா கழண்டு வருதுப்பா. அன்னிக்குக் கோயில் அன்னதானத்துல தும்மினேன், இலையிலேயே விழுந்துருச்சு. புள்ளைங்க சிரிச்சுட்டுதுங்க. அதிலேருந்து வெளியே போனா பையில வச்சுக்கிறேன். வீட்டுல கஞ்சிதான்."

தோழர்களே, இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது. முப்பது ஆண்டுகள் எந்த மானேஜராலும் அடக்க முடியாத வாயை, ஒரு துண்டு பிளாஸ்டிக் அடக்கிவிட்டதே! இந்த மாதம் உடல்நலப் பகுதியில் பல்லைப் பற்றி எழுத வேண்டுமென்று அன்றே முடிவு செய்தேன்.

பல் போன கதை

அந்த அண்ணனுக்குக் கீழ்வரிசையில் கடைவாய்ப் பற்கள் முன்பே போய்விட்டன. முன்பற்கள் நாலும், இரண்டு பக்கமும் கோரைப்பற்களும் மிஞ்சியிருந்தன. கோரைப்பல்லைச் சுற்றிக் கம்பி பிடிக்கும்படி செட்டு கட்டினார்கள். சில வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கம்பி உராயும் இடத்தில் அழுக்குச் சேர்ந்து, சொத்தை விழுந்து, இரண்டு கோரைப்பல்லும் ஈறுக்கு மேலே ஒடிந்துவிட்டன. வேர் மட்டும் உள்ளே உறுதியாக நின்றது.

"வேரு ஆடவே இல்ல, கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா வேரை வச்சு வைத்தியம் பண்ணணும்னா நாலஞ்சு தடவை வரணும்னாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போனா யாரு குடுப்பா? பிடுங்கிடுங்கன்னு நானே சொல்லிட்டேன். ஒரே நாள்ல தொல்லை தீந்துச்சு."

தொல்லை தீரவில்லை, அன்றுதான் ஆரம்பித்தது. இப்போது செட்டைப் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்த நாலு முன்பல்லில் கம்பி போட்டிருக்கிறார்கள். அந்தப் பற்களும் ஆட ஆரம்பித்துவிட்டன.

இது அவர் ஒருவரின் கதையா? நம் லயங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களிலும் விசாரித்துப் பாருங்கள். அலமாரியில் ஒரு டம்ளரில் பல் செட்டு கிடக்கும். அதன் சொந்தக்காரர் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருப்பார்.

வேரின் அருமை

பல்லின் தலை போனால் பல்லே போயிற்று என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. தாடை எலும்பு உயரமாக நிற்பது வேரினால்தான். வேரைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு வருடத்துக்கு வருடம் கரைந்து தாழ்ந்துபோகும். எலும்பு தாழ்ந்தால் செட்டு உட்கார மேடை இல்லை. மேல்செட்டுக்காவது அண்ணம் முழுவதும் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. கீழ்ச்செட்டுக்கு லாடம் போன்ற ஒரு வரப்புதான். அதையும் நாக்கு ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

1978-ஆம் ஆண்டில் கிரம், ரூனி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முழுச் செட்டு கட்டியவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். கீழே கோரைப்பல் வேர்களைக் காப்பாற்றி அதன்மேல் செட்டு வைத்தவர்களுக்குத் தாடையின் முன்பக்க எலும்பு சராசரி 0.6 மில்லிமீட்டர்தான் குறைந்தது. எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுச் செட்டு வைத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர் குறைந்தது. எட்டு மடங்குக்கும் மேல்! நம் அண்ணன் பிடுங்கிப் போட்டதும் அதே கோரைப்பல் வேர்களைத்தான்.

காந்தம் செய்யும் வேலை

இப்படி நிற்கும் வேரைக் கொண்டு, கழற்றி மாட்டும் பல் செட்டை ஆடாமல் பிடித்து வைக்க ஒரு வழி உண்டு. அதுதான் காந்தம்.

ஆடாத நல்ல வேராகப் பார்த்து, அதன் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பார்கள். வேரை ஈறு மட்டத்துக்குச் சீவி, அதன்மேல் காந்தம் பிடிக்கக்கூடிய துருப்பிடிக்காத எஃகில் ஒரு சிறு மூடி வைப்பார்கள். செட்டின் அடிப்பக்கத்தில், அந்த மூடிக்கு நேராக, ஒரு சின்னக் காந்தத்தைப் பதிப்பார்கள். அதன் அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான், துவரம் பருப்பு அளவுகூட இராது. செட்டை வாயில் வைத்தால் 'டக்'கென்று தானே போய் உட்காரும். காந்தமும் மூடியும் இடைவெளியில்லாமல் ஒட்டினால், 400 கிராமிலிருந்து ஏறக்குறைய 1 கிலோ எடையைத் தூக்கும் பிடி ஒரு காந்தத்துக்கு உண்டு. பேசினாலும் தும்மினாலும் இலையில் விழாது.

இதில் வேறு நன்மைகளும் உண்டு. கம்பி பல்லைக் கட்டிப் பிடித்து, மெல்லும்போதெல்லாம் பக்கவாட்டில் இழுத்து ஆட்டும். காந்தமோ மேல்நோக்கி இழுத்தால்தான் இறுகப் பிடிக்கும். பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடும். அதனால் வேருக்கு வரும் ஆட்டம் குறைவு. மேலும், வேலிக்கம்பத்தை உச்சியில் பிடித்து ஆட்டினால் சீக்கிரம் கழன்றுவிடும். மண் மட்டத்தில் பிடித்து ஆட்டினால் அசையாது அல்லவா? ஈறு மட்டத்துக்குச் சீவிய வேரும் அப்படித்தான். சிரிக்கும்போது கம்பி பல்லிளிக்காது. பக்கவாதம் வந்து ஒரு கை தளர்ந்தவர்களும், விரல் மூட்டு வீங்கிய தாய்மார்களும் கம்பிச் செட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். காந்தச் செட்டு அவர்களுக்கு எளிது.

இது நேற்று முளைத்த வித்தையுமல்ல. 1950-களில் மேல்செட்டிலும் கீழ்செட்டிலும் ஒன்றையொன்று தள்ளும்படி காந்தங்களை வைத்து, செட்டுகளை இடத்தில் அழுத்தி நிறுத்தப் பார்த்தார்கள். தாடை எலும்புக்குள்ளேயே காந்தத்தைப் புதைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அந்தக் காலத்துக் காந்தங்கள் வாய்க்குள் வைக்கும் அளவுக்குச் சிறிதாகச் செய்தால் வலு போதாது. பிறகு சமேரியம் கோபால்ட், 1980-களில் நியோடிமியம் என்று, சிறிய உருவில் பெரிய வலுவுள்ள காந்தங்கள் வந்தன. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ், வேர்மேல் மூடி வைத்துச் செட்டில் காந்தம் பதிக்கும் முறையைப் பற்றி 1981-இல் எழுதினார். அப்போதும் ஒரு குறை இருந்தது: எச்சில் பட்டால் இந்தக் காந்தங்கள் அரித்துப்போகும். அதனால் இப்போது காந்தத்தை எஃகுக் கூட்டுக்குள் வைத்து, லேசர் ஒளியால் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். 2012-இல் இதற்கென்று அனைத்துலகத் தர விதியே வந்துவிட்டது.

ஜப்பானில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அங்கே பல ஆண்டுகளாக இது கையில் காசுள்ளவர்களின் வைத்தியமாகத்தான் இருந்தது. 2021 செப்டம்பரில் அரசாங்கச் சுகாதாரக் காப்புறுதியில் இதையும் சேர்த்தார்கள். அன்றிலிருந்து அங்குள்ள தொழிலாளியும் தன் பங்குக் கட்டணத்தை மட்டும் கட்டி இதைப் பெற வழி பிறந்தது. அதே காந்தம்தான், அதே எஃகு மூடிதான். மாறியது சட்டத்தில் எழுதிய ஒரு வரி. பணக்காரர் வைத்தியம், ஏழை வைத்தியம் என்று மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதில்லை என்பதற்கு இது போதாதா?

எல்லாருக்கும் ஆகாது

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாரும் "எனக்குக் காந்தப் பல் வேணும்" என்று கிளம்ப வேண்டாம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இது நம் நாட்டில் எல்லாக் கிளினிக்குகளிலும் சாதாரணமாகச் செய்யும் வேலையல்ல. அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் குறைவு. ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது வழக்கமான பிளாஸ்டிக் செட்டுதான். காந்தம் வேண்டுமானால் பல் நிபுணரிடமோ, பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவிலோ கேட்க வேண்டும். தனியாரிடம் போனால் வெள்ளி அதிகம் செலவாகும்.

இரண்டாவது, வேர் ஆடினால், ஈறு சீழ் பிடித்திருந்தால் காந்தம் வைத்துப் பயனில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சுலபமாக வரும். அவர்கள் முதலில் இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

மூன்றாவது, சுத்தம். செட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வேரைச் சுற்றி அழுக்குச் சேர்ந்தால் வேர் சொத்தையாகி, காந்தமும் வீண், காசும் வீண். சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். மென்மையான பிரஷினால் வேர்மேல் உள்ள மூடியையும் ஈறையும் துலக்க வேண்டும். இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. பிளாஸ்டிக் வளைந்துவிடும், காந்தத்தின் வலுவும் குறையலாம். துணி வெளுக்கும் மருந்திலும் ஊறப்போடாதீர்கள், உலோகம் அரித்துவிடும்.

நான்காவது, பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால், "எனக்கு வாயில் காந்தச் செட்டு இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செட்டைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். வேரில் உள்ள மூடி அங்கேயே இருக்கும். வாயைச் சுற்றியுள்ள இடத்தில் படம் தெளிவில்லாமல் விழும். அதனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் இதயக் கருவி வைத்திருப்பவர்களும் பல் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, செட்டு தளர்ந்தால் கடையில் விற்கும் பசை போட்டு நீங்களே ஒட்டாதீர்கள். காந்தம் வாங்கி வந்து செட்டில் பதிக்கிற வேலையும் வேண்டாம். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால், குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், மறக்காதீர்கள்.

இன்னொன்று. "வீட்டுக்கே வந்து மலிவா பல்லு கட்டித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் பார்ப்பது 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். அவருக்கு அபராதமும் சிறையும் கிடைக்கலாம். நமக்குப் போன தாடை திரும்பி வராது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிற தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செட்டு உராய்ந்து வந்த புண்தானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும், வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டையும் உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள். வாய்ப்புற்று ஆரம்பத்தில் வலிக்காது.

பல்லைப் பிடுங்கியது எது?

இனி என் கருத்துக்கு வருகிறேன். நம் அண்ணனின் வேரைப் பிடுங்கியது டாக்டரின் குறடு என்று நான் சொல்லமாட்டேன். நாலஞ்சு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம்தான் அதைப் பிடுங்கியது. பிடுங்க ஒரு நாள் போதும். காப்பாற்றப் பல நாள் வேண்டும். நாள் சம்பளக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

ஆனால், தோழர்களே, அந்த அண்ணனுக்கே தெரியாத ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பைப் பற்றிச் சொல்கிறது. ஒரே முதலாளியிடம் 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். 2 வருடத்திலிருந்து 5 வருடத்துக்குள் என்றால் 18 நாள். 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். பதிவு பெற்ற பல் மருத்துவர் பரிசோதித்துக் கொடுக்கும் எம்.சி.யும் இதில் சேரும். "பல்லு வலிக்கெல்லாம் எம்.சி. செல்லாது" என்று யாராவது சொன்னால், அது சட்டமல்ல, அவர் வாய்ச்சொல்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். கிளினிக்குக்கு வந்து போன நேரத்தை மட்டும் காட்டும் சீட்டு வேறு, எம்.சி. வேறு. எது கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் கிளைச் செயலாளரிடம் கொண்டுவாருங்கள். சங்கம் எதற்கு இருக்கிறது?

ஆனால் அந்தச் சட்டம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். சங்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும். நடமாடும் பல் கிளினிக்கை நம் தோட்டத்துக்கு வரவழைக்க, ஒவ்வொரு கிளையும் அரசாங்கப் பல் மருத்துவப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் பல் வைத்தியத்தையும் பல் செட்டையும் ஓர் அம்சமாக வைக்கலாம். ஜப்பானியத் தொழிலாளிக்கு 2021-இல் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று அரசாங்கத்தைக் கேட்கலாம். முதலாளியைக் கேட்டு வாங்கிய எதையும் முதல் நாளிலேயே "இது நியாயம்" என்று யாரும் நமக்குக் கொடுத்ததில்லை.

சிலர் சொல்வார்கள்: "வயசானவங்களுக்கு எதுக்கய்யா காந்தப் பல்லு? இன்னும் எத்தனை காலம்?" இப்படிப் பேசுகிறவர்கள் தங்கள் அப்பா அம்மாவை நினைத்துப் பார்க்கட்டும். அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவர் இன்னும் எத்தனையோ தீபாவளி பார்க்க வேண்டும். அத்தனை தீபாவளிக்கும் முறுக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பார்? மெல்ல முடியாமல் கஞ்சியும் ஊறின ரொட்டியுமாகவே நாளை ஓட்டினால் உடம்பில் சத்து ஏது?

அந்த அண்ணனுக்கு இனிக் காந்தம் வைக்க அந்த வேர் இல்லை. அவரை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். செட்டின் உட்பக்கம் தாடைக்கு ஏற்றபடி புதுப்பூச்சுப் போட்டு, கம்பியையும் சரிசெய்து தந்தார்கள். முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மெதுவாகப் பேசினால் நிற்கிறது, வேகமாகப் பேசினால் நழுவுகிறது. திரும்பி வரும் வழியில் சொன்னார்:

"என் பேரைப் போடாதே தம்பி. ஆனா வேரைப் பிடுங்குறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்கன்னு எழுது. எனக்குக் கேக்கத் தெரியல."

எழுதிவிட்டேன். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி சின்னதுதான்: "டாக்டர், இந்த வேர் ஆடலையே, இதைக் காப்பாற்றி அதன்மேல் செட்டு வைக்க முடியுமா?" முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள், சொல்வார்கள். முடியும் என்றால், காந்தம் உடனே கிடைக்காவிட்டாலும் வேர் தாடையைக் காத்து நிற்கும். காந்தத்தைப் பிறகும் வைத்துக்கொள்ளலாம். பிடுங்கிய வேரை மட்டும் எந்த டாக்டராலும் திரும்ப நட முடியாது.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் டம்ளரில் கிடக்கும் செட்டைப் பற்றியும் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நம் வாய் நமக்கு வேண்டும், தோழர்களே. சாப்பிடவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்.